ஏரியின் ஆழத்தில் வெப்பநிலையை அளப்பது எப்படி: புதிதாகத் தூண்டில் பிடிப்போருக்கான வழிகாட்டி

ஜூலை மாதத்தில் ஒன்ராறியோ ஏரியில் படகில் சென்று, கையை நீருக்குள் விட்டுப் பார்ப்பவருக்கு ஏரி முழுவதும் இளஞ்சூடாக இருப்பதாகவே தோன்றும். மேற்பரப்பில் 21 அல்லது 22 பாகை செல்சியஸ் காட்டும் அதே இடத்தில் வெப்பமானியை முப்பது மீற்றருக்கு இறக்கினால், அது 6 அல்லது 7 பாகையைக் காட்டக்கூடும். ரொறன்ரோ நகர மையத்திலுள்ள பெரிய கட்டடங்கள் பலவற்றைக் கோடையில் குளிரூட்டுவதற்கு, கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவில், 83 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் 4 பாகை நீரையே 2004ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தி வருகிறார்கள். கோடை முழுவதும் அந்த ஆழத்தில் நீர் அதே குளிர்ச்சியோடு இருப்பதனால்தான் அது முடிகிறது. மீன்கள் இந்த வேறுபாட்டுக்குள்ளேயே வாழ்கின்றன. அதை அளந்தறியாமல் தூண்டில் இறக்குபவர், மீன் இல்லாத நீரில் ஒரு நாள் முழுவதையும் செலவிட நேரிடும்.

ஊரில் கடற்கரையோரம் வளர்ந்த நம்மில் பலருக்கு நீரோட்டமும் காற்றும் நிலவும் மீன்பிடிப்போடு கொண்ட தொடர்பு நன்றாகத் தெரியும். ஆனால், கரையிலிருந்து பார்க்கும்போது கடலைப் போலவே தோன்றும் இந்தப் பேரேரிகளில் ஏற்றவற்று என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்பதைக் கோடையில் முதலில் தீர்மானிப்பது வெப்பநிலைதான். ஆகவே ஒன்ராறியோ ஏரியையும் அதற்கு வடக்கேயுள்ள சிறிய சிம்கோ ஏரியையும் மனத்திற்கொண்டு, அதிகச் செலவில்லாமல் ஆழவாரியாக வெப்பநிலையை அளக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

நீர் ஏன் அடுக்கடுக்காகப் பிரிகிறது

நீர் ஏறத்தாழ 4 பாகையில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். வசந்த காலத்தில் ஏரி முழுவதும் அந்த வெப்பநிலையை ஒட்டி இருக்கும்போது காற்று மேல்நீரையும் அடிநீரையும் எளிதாகக் கலந்துவிடுகிறது. வெயில் ஏற ஏற மேல்நீர் சூடாகி இலேசாகிறது. இலேசான நீரைக் கனமான குளிர்நீருக்குள் அமிழ்த்திக் கலக்கும் வலிமை காற்றுக்குப் போதாமல் போகிறது. அதன்பின் ஏரி மூன்று அடுக்குகளாக நிலைகொள்கிறது: காற்றினால் கலக்கப்பட்டு ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும் மேலடுக்கு, சில மீற்றர்களுக்குள் வெப்பநிலை செங்குத்தாக வீழும் இடையடுக்கு, மிக மெதுவாகக் குளிர்ந்துகொண்டே செல்லும் கீழடுக்கு. இடையடுக்கைத் தேர்மோகிளைன் என்பார்கள். விஸ்கொன்சின் மாநில ஏரிகளை ஆராய்ந்த எட்வர்ட் பர்ஜ் 1897இல் இந்தச் சொல்லை வழங்கினார். ஒரு மீற்றர் ஆழத்துக்கு ஒரு பாகை அல்லது அதற்கு மேல் வெப்பநிலை குறையும் பகுதி என்பது அதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் வரையறை. தூண்டிற்காரருக்கும் அந்த வரையறையே போதும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்ததும் இந்த அடுக்குகள் குலைந்து, ஏரி மீண்டும் கலந்துவிடும்.

எந்த மீனுக்கு எந்த வெப்பநிலை

சினூக் சால்மன் பெரும்பாலும் 10 முதல் 13 பாகை வரையிலான நீரை நாடும். லேக் ட்ரௌட் அதைவிடச் சற்றுக் குளிரான, 8 முதல் 12 பாகை நீரில் தங்கும். ரெயின்போ ட்ரௌட் 13 முதல் 16 பாகை நீரில் திரியும். ஸ்மோல்மௌத் பாஸ் 20 பாகைக்கு மேற்பட்ட மேலடுக்கை விட்டு அதிகம் இறங்காது. இவற்றை வேலிகளாகக் கருதிவிடக் கூடாது. இரை வெதுவெதுப்பான நீரில் இருந்தால் சால்மன் அங்கே ஏறிச் சென்று உண்டுவிட்டு மீண்டும் கீழே இறங்கும். ஆயினும் நாளின் பெரும்பகுதியை அது எங்கே கழிக்கும் என்று கேட்டால், விடை இந்த எண்களில்தான் இருக்கிறது. ஒன்ராறியோ ஏரிப் படகோட்டிகள் பலர் பாரன்ஹீட் கணக்கிலும் அடிக் கணக்கிலும் பேசுவார்கள். 54 பாரன்ஹீட் என்றால் ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ், 60 அடி என்றால் ஏறத்தாழ 18 மீற்றர், நம் ஊர்க் கணக்கில் பத்துப் பாகம் என்று நினைவில் வைத்துக்கொள்வது உதவும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். படகிலுள்ள மீன்காட்டித் திரையில் தெரியும் வெப்பநிலை, படகின் அடியில் பொருத்திய உணரி தொட்டுக்கொண்டிருக்கும் நீரின் வெப்பநிலை மட்டுமே. திரையில் 24 மீற்றர் ஆழமும் 21 பாகையும் அருகருகே தோன்றுவதைப் பார்த்து, அடியில் 21 பாகை இருப்பதாக நம்பிவிடும் புதியவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். அதே கருவியின் உணர்திறனைக் கூட்டிவைத்தால், இடையடுக்கும் அங்கே தேங்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து திரையில் ஒரு மங்கிய பட்டையாகத் தெரிவதுண்டு. அடுக்கு எங்கே இருக்கலாம் என்பதற்கு அது நல்ல குறிப்பு. அதன் வெப்பநிலையை அது சொல்லாது.

நான் பரிந்துரைப்பது நீண்ட கம்பியின் நுனியில் உணரி பொருத்திய மின்னணு வெப்பமானி. கடைகளில் எளிதாகக் கிடைப்பவற்றின் கம்பி ஒன்றிரண்டு மீற்றரே இருக்கும்; நமக்குக் குறைந்தது 20 மீற்றர், ஒன்ராறியோ ஏரிக்கு 30 மீற்றர் வேண்டும். உணரி நீருக்குள் மூழ்கியிருக்கத் தக்கதா என்பதை வாங்குமுன் உறுதிசெய்யுங்கள். இதற்கு மாற்றாக, தீப்பெட்டி அளவிலுள்ள பதிவுக் கருவிகள் இருக்கின்றன. அவை குறித்த இடைவெளியில் வெப்பநிலையைத் தாமே பதிந்துகொள்ளும். நீங்கள் ஒவ்வோர் ஆழத்திலும் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி, அந்த நேரத்தைக் கொப்பியில் எழுதிவைத்து, கரைக்கு வந்தபின் இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். மீன் பிடிக்கும்போதே விடை வேண்டுமென்பவருக்கு இது உகந்ததன்று. டவுன்ரிகர் என்னும், எடைக்குண்டைக் கம்பியில் இறக்கித் தூண்டிலைக் குறித்த ஆழத்தில் இழுத்துச் செல்லும் பொறியை வைத்திருப்பவர்கள், அந்தக் குண்டுக்கு அருகில் பொருத்தும் உணரியை வாங்கலாம். வசதியானது, விலையும் அதிகம். முதல் ஆண்டிலேயே அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

மின்கருவி எதுவும் இல்லாமல், ஒரு போத்தலும் சாதாரண வெப்பமானியும் கொண்டு அளக்கும் பழைய முறை இன்னும் பயனுள்ளது. வெப்பக்காப்புள்ள உருக்குப் போத்தலின் வாயைத் தக்கையால் அடைத்து, அடியில் எடை கட்டி, தக்கையோடு ஒரு தனி நூலை இணைத்து இறக்குகிறோம்; வேண்டிய ஆழத்தை அடைந்ததும் நூலைச் சுண்டி இழுத்தால் தக்கை கழன்று, காற்று குமிழிகளாக வெளியேற அந்த ஆழத்து நீர் உள்ளே நிறையும். குமிழிகள் நின்றபின் விரைவாக மேலே இழுத்து, போத்தலுக்குள் வெப்பமானியை விட்டு உடனே வாசிக்க வேண்டும். இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. ஒரு லீற்றர் காற்றை நீருக்குள் அமிழ்த்துவதற்கு ஒரு கிலோ எடை வேண்டும் ஆதலால், போத்தலின் எடையும் கட்டிய எடையும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மற்றது தக்கையைப் பற்றியது. பத்து மீற்றர் ஆழத்தில் நீர் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. இரண்டரை சென்ரிமீற்றர் விட்டமுள்ள தக்கையின் மேல் அது ஐந்து கிலோவாகும். இருபது மீற்றரில் பத்துக் கிலோ ஆகிவிடும். தக்கை உள்ளே போய்விடும், அல்லது நூல் அறுந்துவிடும். எனவே வாய் ஒரு சென்ரிமீற்றர் அளவே இருக்கும் மூடியைச் செய்துகொள்ளுங்கள்; அல்லது இந்த முறையைப் பத்து மீற்றரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதைவிடவும் எளிய ஒரு வழியை, ஜெனீவாவைச் சேர்ந்த அறிஞர் சோசூர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கையாண்டார். வெப்பமானியின் குமிழைத் தடித்த மெழுகால் மூடிவிட்டால் அது மிக மெதுவாகவே வெப்பத்தை ஏற்கும், மெதுவாகவே இழக்கும். ஆழத்தில் நெடுநேரம் விட்டுவைத்து விரைவாக இழுத்தெடுத்தால், மேலே வருவதற்குள் அளவு மாறாது. ஒரு நாளில் ஓரிரண்டு ஆழங்களுக்கு மேல் அளக்க இயலாது என்பதே இதன் குறை.

வீட்டிலேயே செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

எந்த வெப்பமானியையும் சோதிக்காமல் ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு குவளையில் நன்றாக நொறுக்கிய பனிக்கட்டியை நிரப்பி, இடைவெளிகள் நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்நீர் ஊற்றி, உணரியைச் சுவரிலும் அடியிலும் படாமல் நடுவில் பிடித்து, கலக்கிக்கொண்டே மூன்று நிமிடம் காத்திருங்கள். அது 0 பாகை காட்ட வேண்டும். 0.6 காட்டினால் அந்த 0.6ஐக் கருவியின் முதுகில் எழுதி ஒட்டிவிட்டு, பின்னர் எடுக்கும் எல்லா அளவுகளிலிருந்தும் கழித்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் இன்னொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. பிழை எல்லா வெப்பநிலையிலும் ஒரே அளவாக இல்லாவிட்டால், அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே சிறந்தது.

அடுத்தது கயிறு. தங்கூசி எனப்படும் நைலோன் தூண்டில் நூல் இழுபட்டு நீளும். ஆழம் அளக்க அது ஏற்றதன்று. பின்னிய மெல்லிய கயிறு ஒன்றை வாங்கி, ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே இழுத்துப் பிடித்து அளந்து அடையாளமிடுங்கள். உலர்ந்திருக்கும்போது இட்ட அடையாளம் நனைந்தபின் பொய்யாகிவிடும். ஒவ்வொரு மீற்றருக்கும் கறுப்பு மையும் ஐந்து மீற்றருக்கு ஒரு சிவப்புத் துணியும் பத்து மீற்றருக்கு இரண்டு துணிகளும் என்று வைத்துக்கொண்டால், விடிகாலை மங்கல் ஒளியிலும் விரலால் தடவி எண்ணலாம். பூச்சியக் குறியை எடையிலிருந்து தொடங்காமல் உணரியிலிருந்து தொடங்க வேண்டும். எடையைக் கயிற்றின் நுனியில் கட்டி, உணரியை அதற்கு முப்பது சென்ரிமீற்றர் மேலே கட்டினால், எடை சேற்றில் புதைந்தாலும் உணரி நீரிலேயே இருக்கும். மின்கம்பி ஒருபோதும் பாரத்தைச் சுமக்கலாகாது. மீற்றருக்கு ஒருமுறை சற்றுத் தளர்வு விட்டு அதைக் கயிற்றோடு பசைநாடாவால் ஒட்டிவிடுங்கள்.

எடை ஒரு கிலோ வரை இருக்கட்டும். இரும்பாகவோ துளையிட்ட கல்லாகவோ இருந்தால் நல்லது. ஏரியில் அறுந்து விழும் சிறிய ஈயக்குண்டுகளை விழுங்கி இறக்கும் லூன் பறவைகள் பல. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளை மீன்பிடிக்கப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டிருக்கிறது.

மீன்பிடி உரிமமும், இயந்திரப் படகை ஓட்டுவதற்கான சான்றட்டையும், படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு மேலங்கியும் இல்லாமல் புறப்படக் கூடாது. மேலங்கியைப் படகில் வைத்திருப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. உயிருக்கு அது உடலில் இருக்க வேண்டும்.

ஏரியில் அளக்கும் முறை

ஆறு வந்து கலக்கும் முகத்துவாரத்திலிருந்து விலகி, நீங்கள் மீன் பிடிக்க எண்ணும் பகுதியில், முடிந்தால் நங்கூரமிட்டு, இயந்திரத்தை நிறுத்துங்கள். முதல் அளவை மேற்பரப்பிலிருந்து முப்பது சென்ரிமீற்றர் கீழே, படகின் நிழல் விழும் பக்கத்தில் எடுக்க வேண்டும். நேர் வெயில் உணரியில் பட்டால் அளவு கூடிவிடும். அதன்பின் மூன்று மீற்றருக்கு ஒருமுறை நிறுத்தி இறங்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலான உணரிகளுக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம் ஆகும். பொறுமையின்மையால் வரும் பிழையே எல்லாப் பிழைகளிலும் பெரியது. கருவி இன்னும் மேல்நீரின் சூட்டைச் சுமந்துகொண்டிருக்கும்போதே வாசித்துவிட்டால், இடையடுக்கு உண்மையில் இருப்பதைவிட ஆழத்தில் இருப்பதாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழியுண்டு: கயிற்றை மேலே இழுத்து வரும்போதும் இரண்டு மூன்று ஆழங்களில் நிறுத்தி மீண்டும் வாசியுங்கள். இறங்கும்போது எடுத்த அளவுக்கும் ஏறும்போது எடுத்த அளவுக்கும் அரைப் பாகைக்கு மேல் வேறுபாடு இருந்தால், காத்திருந்த நேரம் போதவில்லை.

முதற்சுற்றில் எந்த இரண்டு ஆழங்களுக்கிடையே வெப்பநிலை திடீரென வீழ்ந்தது என்று பார்த்து, அந்தப் பகுதிக்குள் மட்டும் ஒரு மீற்றருக்கு ஒருமுறையும், வீழ்ச்சி மிகக் கூடிய இடத்தில் அரை மீற்றருக்கு ஒருமுறையும் அளந்து நிரப்புங்கள். மேலடுக்கிலும் கீழடுக்கிலும் நெருக்கமாக அளப்பதால் பயனில்லை.

காற்று படகைத் தள்ளும்போது கயிறு சாய்ந்துவிடும். அப்போது வெளிவிட்ட கயிற்றின் நீளம் ஆழம் ஆகாது. கயிறு செங்குத்திலிருந்து 30 பாகை கோணம் சாய்ந்திருந்தால், 20 மீற்றர் கயிறு ஏறத்தாழ 17 மீற்றர் ஆழத்தையே அடைந்திருக்கும். 45 பாகை கோணமானால் 14 மீற்றர்தான். சாய்வு 30ஐத் தாண்டினால் திருத்திக் கணக்கிடுவதைவிட எடையைக் கூட்டுவதே நல்லது, ஏனெனில் நீருக்குள் கயிறு நேர்கோடாக நிற்காமல் வளைந்து தொங்கும்.

எண்களை வாசித்தல்

எடுத்துக்காட்டாக ஓர் அளவீட்டைப் பார்ப்போம். மேற்பரப்பில் 22, மூன்று மீற்றரில் 22, ஆறில் 21.5, ஒன்பதில் 20, பன்னிரண்டில் 12, பதினைந்தில் 10, பதினெட்டில் 9 என்று முதற்சுற்றில் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் மூன்று மீற்றருக்குள் எட்டுப் பாகை வீழ்ந்திருக்கிறது. அதை நெருக்கமாக அளந்தபோது பத்தில் 17.5, பதினொன்றில் 14 என்று வருகிறது. ரெயின்போ ட்ரௌட்டைத் தேடுபவர் பதினொரு மீற்றரை ஒட்டியும், லேக் ட்ரௌட்டைத் தேடுபவர் பன்னிரண்டுக்குக் கீழேயும் தூண்டிலை வைக்க வேண்டும். எட்டு மீற்றரில் இழுப்பவருக்கும் பன்னிரண்டில் இழுப்பவருக்கும் இடையேயுள்ள தொலைவு ஓர் அறையின் நீளந்தான். ஆனால் ஒருவருடைய தூண்டில் 20 பாகைக்கு மேற்பட்ட நீரிலும் மற்றவருடையது 12 பாகை நீரிலும் போய்க்கொண்டிருக்கும். இந்தச் சில மீற்றர்களுக்காகத்தான் இவ்வளவு உழைப்பும். இடையடுக்கின் மேல்விளிம்பில் இரைமீன்கள் கூடுவதும் வழக்கமாதலால், ஒரு தூண்டிலை வீழ்ச்சி தொடங்கும் இடத்திலும் மற்றொன்றை அதற்கு இரண்டு மூன்று மீற்றர் கீழேயும் வைத்துத் தொடங்குவது என் வழக்கம்.

கீழடுக்கு முழுவதும் குளிராக இருப்பதால் மீன் அடிமட்டம்வரை எங்கும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அடுக்குகள் பிரிந்தபின் கீழ்நீருக்குக் காற்றோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. மேலிருந்து விழும் பாசி அங்கே அழுகி, கரைந்திருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடுகிறது. சராசரியாக 86 மீற்றரும் மிகக் கூடியதாக 244 மீற்றரும் ஆழமுள்ள ஒன்ராறியோ ஏரியின் நடுப்பகுதியில் குளிர்நீர் மிகுதியாக இருப்பதால் இது பெரிய தடையாவதில்லை. சராசரி ஆழம் 15 மீற்றர் அளவேயுள்ள சிம்கோ ஏரியின் நிலை வேறு. அங்கே கோடையின் பிற்பகுதியில் அடிநீரின் ஒட்சிசன் குறைவது லேக் ட்ரௌட்டின் இனப்பெருக்கத்தையே பல பத்தாண்டுகள் பாதித்தது. 2009ஆம் ஆண்டின் சிம்கோ ஏரிப் பாதுகாப்புத் திட்டம், அடிநீரில் லீற்றருக்கு 7 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்க வேண்டுமென்பதை இலக்காக வைத்திருக்கிறது. ஆகவே ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பரிலும் அங்கே தூண்டில் இறக்குபவர், குளிர்நீரின் அடியைவிட அதன் மேற்பகுதியையே முதலில் தேட வேண்டும்.

மேல்நீரில் வெப்பமானி காட்டும் எண்ணைக் கவனிப்பதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. 9 பாகை நீரிலிருந்து பிடித்த லேக் ட்ரௌட்டை 22 பாகை நீரின் வழியே நெடுநேரம் இழுத்து விளையாடிவிட்டுத் திரும்ப விடுவது, பெரும்பாலும் அதைக் கொல்வதற்குச் சமம். விட்டுவிடும் எண்ணமிருந்தால் வலிய நூலால் விரைவாக ஏற்றி, நீரிலிருந்து தூக்காமலே கொக்கியைக் கழற்றி, தலை கீழ்நோக்க விடுங்கள். லேக் ட்ரௌட் தன் காற்றுப்பையின் வாயுவை வாய்வழியே வெளிவிட வல்லது. பேர்ச்சும் பாஸும் அவ்வாறு செய்ய முடியாதவை என்பதால், ஆழத்திலிருந்து ஏற்றிய அவற்றை விட்டாலும் மிதந்தே இறக்கக்கூடும். மேல்நீர் மிகச் சூடாக இருக்கும் நாள்களில், உண்ணத் தேவையானதைப் பிடித்ததும் நான் தூண்டிலைச் சுருட்டிவிடுகிறேன்.

காற்றும் மறுநாள் அளவீடும்

இன்று எடுத்த அளவு நாளைக்கும் செல்லும் என்பதற்கு உறுதியில்லை. ஒன்ராறியோ ஏரி கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. ஊரில் நாம் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று ஒன்றிரண்டு நாள் வலுவாக வீசினால், பூமியின் சுழற்சி காரணமாக மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது தெற்குக் கரையை நோக்கி விலகுகிறது; அந்த இடத்தை நிரப்ப வடக்குக் கரையில் அடிநீர் மேலெழுகிறது. கிழக்குக் காற்று வீசினால் சூடான நீர் ரொறன்ரோக் கரையில் குவிந்து, இடையடுக்கு ஆழத்துக்குத் தள்ளப்படும். ஓர் ஓகஸ்ட் மாதத்தில் ஸ்காபரோவின் ப்ளஃபர்ஸ் பார்க் கரையில் 20 பாகைக்கு மேல் அளந்த நீரை, இரண்டு நாள் மேற்குக் காற்றுக்குப்பின் அதே கல்லிலிருந்து அளந்தபோது 9 பாகை இருந்தது. அன்று படகில்லாமலே கரையிலிருந்து சால்மன் பிடித்தவர்களைப் பார்த்தேன். அத்தகைய நாளில் பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். குளிர் அதிர்ச்சி நீச்சல் தெரிந்தவரையும் மூச்சுத் திணற வைக்கும். காற்று ஓய்ந்தபின்னரும் இடையடுக்கு உடனே அமைதியடைவதில்லை. ஏறத்தாழ 17 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலைவு சில நாள் தொடரும்.

ஆதலால் கொப்பியில் நாள், நேரம், இடம், ஆழவாரியான அளவுகள் ஆகியவற்றோடு முந்தைய இரண்டு நாள்களின் காற்றுத் திசையையும் எழுதிவையுங்கள். மறுநாள் காலையில் முழு அளவீட்டையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. மேற்பரப்பு, நேற்று வீழ்ச்சி தொடங்கிய ஆழம், அது முடிந்த ஆழம் என்ற மூன்று இடங்களில் மட்டும் அளந்து பாருங்கள். மூன்றும் ஒரு பாகைக்குள் ஒத்திருந்தால் நேற்றைய ஆழத்திலேயே தூண்டிலை இறக்கலாம்; ஒன்று விலகியிருந்தாலும் கயிற்றை மேலே எடுத்து, முப்பது சென்ரிமீற்றரிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.